அசையாமைக் காலம் இருபத்தொரு நாள்

மீனாட்சிபுரத்துச் சென்னிமலை எழுபத்தாறு வயதினர். விடியற்காலை நாலரை மணிக்கு எழுவார். வாரம் ஒருமுறை பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையின்முன் நின்று, மலையாளத்தை எழுத்துக் கூட்டியும் தமிழைக் கூட்டாமலும் முழுவதும் வாசிப்பார். அச்சிட்ட எழுத்தை மீறுதல் அவர் அறியாத செயல். ரேஷன் கடைச் சுவரில் 'வரிசையாக நிற்கவும்' என்று எழுதியிருந்தமையின், வேறு எவரும் வராத நாள்களிலும் அவர் தனியே வரிசையாக நின்றார். பூச்சிமருந்துப் புட்டியில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று கண்டிருந்ததால், மக்கள் இருவரும் திருப்பூருக்குக் குடிபெயர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், ஏணி வைத்து அதனைப் பரண்மேல் ஏற்றினார். பின் ஏணிக்கு அஞ்சி அதனை இறக்கவே இல்லை. இவ்வொழுக்கத்தால் அவருக்கு அதுவரை ஒரு தீங்கும் விளைந்ததில்லை, பூச்சிகளுக்கும் விளைந்ததில்லை.

அவர் மனைவி காளியாத்தாளுக்கு எழுபத்தொன்று. அவர்களுடைய வீடு கேரளத்தில் இருந்தது. அவர்களுடைய தென்னந்தோப்பும் மாட்டுக்கொட்டகையும், வாய்க்காலைக் கடந்து எல்லைக்கல்லுக்கு அப்பால், தமிழ்நாட்டில் இருந்தன. பால் சொசைட்டி மறுபடியும் கேரளத்தில். ஆகவே காளியாத்தாள் நாள்தோறும் காலையும் மாலையும் மாநிலம் விட்டு மாநிலம் சென்று, பால் கறந்துகொண்டு, மாநிலம் விட்டு மாநிலம் மீண்டாள். நாற்பத்தாறு ஆண்டுகளாக இது நடந்துவந்தது. இதில் ஏதேனும் சிறப்பு உண்டு என்று அவளும் கருதவில்லை, பசுவும் கருதவில்லை.

இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு மறதி கண்டிருந்தது. குழம்பில் உப்பை இருமுறை இடுவாள். பேத்தி மௌனிகாவின் பெயரை நாவில் வைத்துக்கொண்டு தேடுவாள். ஆயினும் ஒன்றைச் சென்னிமலை கவனித்திருந்தார். வீட்டில் உட்கார்ந்திருக்கையில் தொலைந்தவை, வரப்பில் நடக்கையில் ஒவ்வொன்றாகத் திரும்பின. மதகைத் தாண்டியதும் மருமகளின் சீமந்தம் நினைவுக்கு வரும். எல்லைக்கல் அருகே பேத்தியின் பெயர் வரும். கொட்டகையை அடைவதற்குள் அவள் முழுக் காளியாத்தாளாகிவிடுவாள். அவர் பின்னால் நடந்தபடி இதனைத் தினமும் கேட்டுவந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவர் சொன்னார்: "நடக்கட்டுமுங்க. வயசானவங்களுக்கு மூளைக்கு அதைவிட மருந்து கிடையாது. உக்கார மட்டும் வெச்சராதீங்க. பாலக்காட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு மாசத்துல ஒரு நாள் மறதி டாக்டர் வராரு. அவரு ஒருக்காப் பாத்தா நல்லது. ஆனா மிஷன் கார்டு இருக்கறவங்களைத்தான் பார்ப்பாரு."

மிஷன் என்பது மூத்தோர் அசைவு மிஷன். அஃது அரசாங்கத்தைச் சேர்ந்ததா, சேராததா என்பதை அதன் அலுவலர்களே உறுதியாகக் கூறார். 'அசைவே அறிவு' என்பது அதன் முழக்கம். உடலை அசைக்கும் முதியவருக்கு நினைவு கெடாது என்னும் உண்மையை எல்லைப்புற மக்களிடையே பரப்புவது அதன் நோக்கம். அதன் கேந்திரம் மாட்டுத்தீவனக் கடை நடத்தும் முகம்மது குட்டியின் கட்டடத்தில், மாடியில், இருபத்திரண்டு செங்குத்தான படிகளுக்கு மேலே அமைந்திருந்தது.

காளியாத்தாள் அப்படிகளை நிற்காமல் ஏறினாள். கேந்திரப் பொறுப்பாளர் ஆனந்தகுமார் எழுந்து நின்று வணங்கவில்லை. எழுந்து நிற்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சக்கரம் வைத்த நாற்காலியை உருட்டிக்கொண்டு அருகில் வந்தார்.

"அம்மா, படி ஏறியா வந்தீங்க?"

"பின்னே பறந்துங்களா வருவாங்க?"

"யாரும் புடிக்காம?"

"எதுக்குங்க புடிக்கோணும்? இருவத்திரண்டு படிதானுங்களே."

ஆனந்தகுமார் விண்ணப்பத்தில் 'அசைவுக் குறை இல்லை; தகுதி இல்லை' என்று எழுதி முத்திரையிட்டார்.

"அப்ப ஏற முடியாதவங்க என்னங்க பண்றது?" என்று சென்னிமலை கேட்டார்.

"அவங்க மேல வந்தாங்கன்னா உடனே பதிஞ்சுக்குவோமுங்க."

கீழே முகம்மது குட்டி இதனைக் கேட்டு, புண்ணாக்கு மூட்டைமேல் சாய்ந்து நெடுநேரம் சிரித்தார். "ஏனுங்ணா, ஏற முடிஞ்சவனுக்குக் கார்டு இல்லை. ஏற முடியாதவனுக்கு ஆபீசே இல்லை. இதை யோசிச்ச ஆளு லேசுப்பட்ட ஆளில்லைங்ணா. எங்கட கட்டடத்துல இருக்கறதே எனக்குப் பெருமை."

மறுவாரம் அவருடைய கடையில் சுமை தூக்கும் இருவர், காளியாத்தாளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மேலே தூக்கிச் சென்றனர். அவள் வழியெல்லாம், "எறக்கியுடுங்கப்பா, எனக்கு வெக்கமா இருக்குது" என்று கெஞ்சினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. திரும்பும்போது அவளே படியிறங்கிப் போனாள். அதனை எவரும் குறித்துக்கொள்ளவில்லை. பதிவேட்டில் இறங்குவதற்குப் பத்தி இல்லை.

நினைவுச் சோதனை செய்ய மிஷனின் களப்பணியாளர் சாந்தம்மாள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதுடைய, நல்ல மனமுடைய அம்மையார். வினாத்தாளோ திருவனந்தபுரத்தில் அச்சிட்டது.

"இன்னைக்கு என்ன மாசமுங்கம்மா?"

"ஐப்பசி. பதினெட்டுத் தேதி."

சாந்தம்மாள் விடைத்தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, சுழி இட்டார். அதில் 'துலாம்' என்று, ஐப்பசியின் மலையாளப் பெயர் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார் சென்னிமலை.

"எனக்குத் தெரியுதுங்க. பேப்பருக்குத் தெரியலீங்களே. அம்மா, மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க. கசேரை, மாம்பழம், தீவண்டி." நாற்காலிக்கும் ரயிலுக்கும் தாளில் மலையாளச் சொல்லே இருந்தது. பின்பு வேறு பத்துக் கேள்விகளைக் கேட்டுவிட்டு, "அந்த மூணும் என்னங்கம்மா?" என்றார்.

"மூணு எதுக்கு கண்ணு? எனக்கு மாம்பழம் போதும்."

முப்பதுக்கு இருபத்தொன்று கிடைத்தது. பின்னர்ச் சாந்தம்மாள் கடிகாரம் போன்ற ஒரு பட்டையை அவள் மணிக்கட்டில் கட்டி, ஒரு நாள் வழக்கம்போல் இருக்கச் சொன்னார். மறுநாள் அது ஆறாயிரத்து நூற்று நாற்பது காலடிகளைக் காட்டியது. எழுபத்தொரு வயதில் இஃது அரிய நடை என்று சாந்தம்மாள் மகிழ்ந்தார். ஆனால் பட்டைக்குள் நிலப்படமும் இருந்தது. கேரளத்தில் நடந்தவை ஆயிரத்து எண்ணூற்று எழுபதே எனவும், மீதி நாலாயிரத்து இருநூற்று எழுபதும் அயல்மாநிலத்தில் நிகழ்ந்தமையின் ஏற்கத்தக்கன அல்ல எனவும் கேந்திரம் தெரிவித்தது.

"அப்ப அந்த நடையெல்லாம் எங்கீங்க போகும்?" என்று சென்னிமலை ஆனந்தகுமாரைக் கேட்டார்.

"அந்தப் பக்கத்து மிஷன்ல காட்டிக்கோங்க."

"அங்க மிஷன் இருக்குதுங்களா?"

"அது அவங்க விசயமுங்க. நாம தலையிடப்படாது." ஆனந்தகுமார் ஒரு துண்டு வெளியீட்டை எடுத்து நீட்டினார். "இனித்தான் முக்கியமான கட்டம். அசையாமைக் காலம். இருவத்தொரு நாளு. ஒரு நாளைக்கு இருநூறு காலடிக்கு மேல அம்மா நடக்கப்படாது."

சென்னிமலை தாம் தவறாகக் கேட்டதாக எண்ணினார். "நடக்கோணும்னுதானுங்களே மிஷன்?"

"அதேதானுங்க. நடந்தா மூளைக்கு நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாட்டுக்குக்கூடத் தெரியும். தெரிஞ்சாப் பத்தாது, நிரூபிக்கோணும். நிரூபிக்கோணும்னா மொதல்ல நடக்காம இருந்து காட்டோணும். அப்பறம் நடக்க வெச்சு, எவ்வளவு ஏறுதுன்னு பாக்கோணும். இவங்க ஏற்கனவே நடந்துட்டு இருக்கறாங்க. இப்படி இருந்தா நாங்க எங்கிருந்து முன்னேத்தறது?"

"டாக்டரு உக்கார வெச்சராதீங்கன்னு சொன்னாருங்களே."

"டாக்டர் வைத்தியம் சொல்றாருங்க. நாங்க முறை சொல்றோம். இருநூறைத் தாண்டுனா மறுபடியும் ஒண்ணாம் நாள்லிருந்து. இது முடிஞ்சாத்தான் கார்டு. கார்டு இருந்தாத்தான் டாக்டர்."

சென்னிமலை அவ்வெளியீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று முறை வாசித்தார். அஃது அச்சிடப்பட்டிருந்தது. ஒரு பக்கம் மனைவியின் நினைவு. மறுபக்கம் அதனைக் காக்கவல்ல ஒரே மருத்துவர். இடையில் இருபத்தொரு நாள். அவர் தமக்குத் தெரிந்த வழியில் முடிவு செய்தார்.

கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு முப்பத்தொரு காலடி. போய்வர அறுபத்திரண்டு. நாளொன்றுக்கு மூன்று முறையெனில் நூற்று எண்பத்தாறு. மிச்சம் பதினான்கு காலடிகளை அவர் அவசரத்திற்கென்று ஒதுக்கினார். பின்பு கயிற்றுக்கட்டிலை வாசற்கதவுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் தாமே உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காளியாத்தாள் அவர்முன் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். வழி உடுங்க."

"நான் காட்டீட்டேன் புள்ள."

"நீங்க காட்டுனா அது குடிக்காது. மூஞ்சியத் திருப்பிக்கும்."

அஃது உண்மை. இரண்டு நாளாகப் பசு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"இன்னும் பதினெட்டு நாளுதான். பொறுத்துக்க. மிஷன்ல சொல்லீருக்கறாங்க."

"நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

சென்னிமலை வெளியீட்டை எடுத்து இன்னொரு முறை புரட்டினார். பின்பு அவள் கையைப் பிடித்து உள்ளே அவளுடைய கட்டிலுக்கு அழைத்துச் சென்றார், ஒன்பது காலடி.

பத்தாம் நாள் அவள் அவரை, இறந்துபோன தன் தமையன் பெயரால் அழைத்தாள். அவர் உடனே கேந்திரத்துக்குத் தொலைபேசினார்.

"கொறையுதுங்களா?" என்றார் ஆனந்தகுமார். குரலில் மகிழ்ச்சி இருந்தது. "நல்லதுங்க. எவ்வளவு கொறையுதோ அவ்வளவுக்குப் பின்னால ஏத்திக் காட்டலாம். எலப்புள்ளியில ஒரு பெரியவரு, இருவத்தொரு நாள் உக்காந்தும் ரெண்டு மார்க்குத்தான் கொறைஞ்சாரு. அவரால எங்களுக்கு எவ்வளவு சங்கடம் தெரியுங்களா?"

"ஏறாமப் போச்சுன்னா?"

"ஏறுமுங்க. ஏறும்னுதான் திட்டத்துல போட்டிருக்குது."

திருப்பூரிலிருந்து மகன் தங்கதுரை பேசினான். "அப்பா, அவங்க சொல்றபடியே கேளுங்க. படிச்சவங்க. நீங்க பாட்டுக்கு எதாச்சும் பண்ணி டாக்டரைக் கெடுத்துராதீங்க." தந்தை தம் வாழ்நாளில் எதனையும் 'பாட்டுக்கு' செய்தவர் அல்லர் என்பதை மகன் அறிவான். ஆயினும் சொல்லி வைத்தான்.

பதினேழாம் நாள் காலையில் சென்னிமலை குளித்துவிட்டு வந்தபோது கட்டில் நகர்ந்திருந்தது, வாசல் திறந்திருந்தது. ஈரத்துண்டோடு ஓடினார். வாய்க்கால் மேட்டில் இல்லை. மதகில் இல்லை. கொட்டகையில், பசுவின் கழுத்தைத் தடவியபடி அவள் நின்றிருந்தாள். பசு தொட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"என்னங்க இப்படி எளைக்க உட்டிருக்கறீங்க மாட்டை?" என்றாள் காளியாத்தாள். "கெழக்கால வரிசையில மூணு தென்னை பட்டுக் கெடக்குது, பாத்தீங்களா? அப்பவே சொன்னேன், வேர்ல வண்டு இருக்குதுன்னு. ஆமா, மௌனிகாவுக்குப் பரீட்சை முடிஞ்சுதுங்களா? வரச் சொல்லுங்க. சீம்பால் வர்றப்ப அந்தப் புள்ள இருந்தா நல்லாருக்கும்."

மௌனிகா. பதினைந்து நாளாக அவள் வாயில் வராத பெயர். சென்னிமலையின் கண்கள் நிறைந்தன. அவள் திரும்பி வந்துவிட்டாள். முழுதாக, தென்னையும் வண்டும் பேத்தியுமாக, அவர்முன் நின்றாள். அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பற்றினார். பட்டை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது.

அதன்பின் அவர் செய்ததை அவரே பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தார். அவர் அவளைக் கடிந்தார். கொட்டகைக் கல்லில் உட்கார வைத்தார். மேலும் ஒரு காலடியும் கூடாதென்று, பக்கத்துத் தோப்பில் இருந்தவரின் கைப்பேசியை வாங்கி முகம்மது குட்டியை அழைத்து, தீவன மூட்டை ஏற்றும் ஆட்டோவை வரவழைத்தார். பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு இடையே அவளை அமர்த்தி எல்லை கடந்தார்.

முகம்மது குட்டி வண்டியை ஓட்டியபடி சிரிக்க முயன்றார், முடியவில்லை. "ஏனுங்ணா, அக்கா நல்லாப் பேசறாங்களே. எங்கூட்டு ஐசும்மாவோட மூட்டுவலியைக்கூடக் கேட்டாங்க. எதுக்கு அவங்களை மூட்டையாட்டம் கொண்டு போறோம்?"

"கார்டுங்க" என்றார் சென்னிமலை.

"அதுசரி" என்றார் முகம்மது குட்டி.

வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள் காளியாத்தாள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் சென்னிமலை இருபத்திரண்டு படியேறி ஒரு மனுவைக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் எழுதிய முதல் வாதம் அது. முன்பு அயல்மாநிலத்தில் நடந்த காலடிகள் நடை ஆகா என்று கேந்திரம் கூறியதாலும், நேற்றைய ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் ஆயிரத்து இருநூற்று முப்பது தமிழ்நாட்டில் நிகழ்ந்தமையாலும், எஞ்சியவை நூற்று எண்பத்திரண்டே ஆகலின், அசையாமைக் காலம் முறிந்ததாகக் கொள்ளலாகாது என்று அதில் கண்டிருந்தார்.

ஆனந்தகுமார் அதனை இருமுறை வாசித்தார். உள்ளபடியே வியந்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க. ஆனா பாருங்க, நடந்ததாக் காட்டறதுக்குத்தான் எல்லை உண்டு. நடக்கலைன்னு காட்டறதுக்கு எல்லை கெடையாது. எங்க நடந்தாலும் நடந்ததுதானுங்களே?"

"அப்ப முன்னால நடந்ததும் நடந்ததுதானுங்களே?"

"அது தகுதி. இது ஒழுங்கு. ரெண்டும் வேற செக்‌ஷனுங்க."

சென்னிமலை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சாமி, என் சம்சாரம் அங்க நல்லா இருந்தா. என் கண்ணால பாத்தேன். நடந்தா, எல்லாம் வந்துருச்சு. அதை எழுதிக்கோங்க. அதைத்தானே நீங்க நிரூபிக்கோணும்னு சொன்னீங்க?"

"கண்ணால பாத்ததை நாங்க ஏத்துக்க முடியாதுங்க" என்று ஆனந்தகுமார் பரிவோடு சொன்னார். "நாளையிலிருந்து ஒண்ணாம் நாளு. மறுபடியும் கை நழுவ உட்டறாதீங்க. மூணாந்தடவை கெடையாது."

இரண்டாம் அசையாமைக் காலத்தில் கட்டிலைக் குறுக்கே போடத் தேவை ஏற்படவில்லை. காளியாத்தாள் வழி கேட்கவில்லை. முதல் வாரம் நாளொன்றுக்கு நூற்றைம்பது காலடி நடந்தாள். பின்பு தொண்ணூறு. பின்பு நாற்பது. தொலைவில் பசு கத்தியபோது அவள், "யாரூட்டு மாடோ, பாவம்" என்றாள். சென்னிமலை ஒருமுறை, அவளை எழுப்பி அறைக்குள்ளேயே நடத்தினால் என்ன என்று எண்ணினார். எழுப்பவும் செய்தார். முழங்கால்கள் நடுங்கி அவள் மீண்டும் உட்கார்ந்தாள். இருநூறு என்னும் எல்லையை இனி அவள் விரும்பினாலும் தாண்ட இயலாள் என்பதை அப்போது அவர் அறிந்தார். விதி தானாகவே நிறைவேறிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்றாம் நாள் சாந்தம்மாள் மீண்டும் வினாத்தாளோடு வந்தார். முப்பதுக்கு ஒன்பது. மாம்பழம்கூட நினைவில் இல்லை. சாந்தம்மாள் எழுதி முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எழுதறவ மட்டுந்தானுங்கய்யா" என்றார்.

அன்று மாலை ஆனந்தகுமார் தாமே தொலைபேசினார். "வாழ்த்துகளுங்க! பன்னண்டு மார்க்குக் கொறைஞ்சிருக்குது! ஜில்லாவிலேயே நம்ம கேந்திரந்தான் முதல். அம்மாவை முன்மாதிரி மூத்தோரா எடுத்திருக்கறோம். நடைத்திருவிழாவைத் தொடங்கி வெக்கற உத்காடனம் அவங்க கையால."

நடைத்திருவிழா ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் நடைபெற்றது. மூன்று பஞ்சாயத்துகளிலிருந்தும் இருநூறு முதியவர்கள் வேன்களில் கொண்டுவரப்பட்டு, காலை ஒன்பது மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்த்தப்பட்டனர். தலைமை தாங்கவேண்டிய மிஷன் டைரக்டர் பன்னிரண்டே கால் மணிக்கு வந்தார். இடையில் எலப்புள்ளியைச் சேர்ந்த மொக்கையன் என்னும் முதியவர் கால் நீட்ட எழுந்தார். மிஷன் சின்னம் அணிந்த தொண்டர் ஒருவர் ஓடிவந்தார்.

"ஐயா, உக்காருங்க, உக்காருங்க. நடைத்திருவிழா தொடங்கப் போகுது."

"காலு மரத்துப்போச்சு தம்பி. நீங்க நடையைப் பத்திப் பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு நடக்கறதே மறந்துரும்."

"உத்காடனம் முடிஞ்சதும் நடக்கலாமுங்க."

"முடிஞ்சதும் வேன்ல ஏத்தீருவீங்களே?" என்றார் மொக்கையன். தொண்டர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

டைரக்டரின் கார் மண்டப வாயிலில் நின்றது. வாயிலிலிருந்து மேடைக்கு அறுபது அடி தூரம் இருந்ததால், கார் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு மேடைப் படியருகே மீண்டும் நின்றது. அவர் மைக்கின்முன் அமர்ந்தவாறே உரையாற்றினார்.

"பெரியோர்களே! அசைவே அறிவு. இந்த மகத்தான உண்மைக்காக நான் ஏழு ஆண்டுகளாக நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் உழைத்து வருகிறேன். நூற்றுப் பன்னிரண்டு கூட்டங்கள்! ஒரு கூட்டத்தில்கூட நான் நடுவில் எழுந்ததில்லை. என் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. என் மனைவியின் பிறந்தநாள் எனக்கு நினைவில் இல்லை. கவலைப்படுகிறேனா? இல்லை! இந்தத் தியாகத்தின் பலனை இன்று காண்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன்னால் இப்பகுதி மூத்தோரின் சராசரி நினைவு மதிப்பெண் இருபது. இன்று பதினொன்று. இது நம்முடைய கடுமையான முயற்சியால் வந்தது. தன்னாலே வந்ததல்ல! இருபதில் இருந்தவர்களை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்திருக்க முடியும்? அவர்களுக்கு நம்முடைய தேவையே இல்லை. இன்றோ, இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் மிஷன் தேவை. இதைவிட ஒரு நிறுவனத்துக்கு வேறு என்ன பெருமை வேண்டும்?"

அலுவலர்கள் கைதட்டினர். முதியவர்களும் கைகளை அசைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர், அசைத்தனர், நிழற்படம் எடுக்கப்பட்டது.

பின்னர்க் காளியாத்தாளின் பெயர் அழைக்கப்பட்டது. சிவப்புக் கம்பளத்தின்மேல் பத்துக் காலடி நடந்து, அவள் குத்துவிளக்கை ஏற்ற வேண்டும். அதுவே மிஷனின் அதிகாரபூர்வமான முதற்காலடி. ஆனந்தகுமார் குனிந்து சொன்னார்: "அம்மா, இனி நீங்க நடக்கலாமுங்க."

அவள் அசையவில்லை. சென்னிமலை அருகில் சென்று, "எந்திரி புள்ள" என்றார்.

காளியாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையோடு பார்த்தாள், புதியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பின்பு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இல்லீங்க பெரியவரே. எங்கூட்டுக்காரரு நடக்கப்படாதுன்னு சொல்லீருக்காரு. அவரு வந்தார்னா, நடக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. அவரு பேச்சை நான் மீறமாட்டேனுங்க."

மைக் அருகில் இருந்தமையால் இது மண்டபம் முழுவதும் கேட்டது. சிலர் சிரித்தனர். டைரக்டர், "கணவர்மேல் என்ன மதிப்பு! நம் பண்பாடு!" என்று வியந்தார். நேரம் கடந்துகொண்டிருந்ததால் தொண்டர் இருவர் அவளை நாற்காலியோடு தூக்கி, பத்துக் காலடி நடந்து, விளக்கருகே இறக்கினர். முதற்காலடி பதிவு செய்யப்பட்டது.

சென்னிமலை நின்ற இடத்திலேயே நின்றார். அவளுக்கு எல்லாம் போய்விட்டது. வாய்க்கால் போயிற்று, பேத்தி போனாள், நாற்பத்தொன்பது ஆண்டு உடன் வாழ்ந்த முகமும் போயிற்று. அவர் இட்ட தடை ஒன்றே மிஞ்சியிருந்தது. அதனைமட்டும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

விழா முடிந்ததும் ஆனந்தகுமார் நீலநிற அட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "இதுதானுங்க கார்டு. திங்கக்கிழமையிலிருந்து தொண்ணூறு நாள் கேந்திரத்துல பயிற்சி. மேல கொண்டு வர ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கறோம். தொண்ணூறாம் நாள் மார்க்கு ஏறுச்சுன்னா டாக்டர் தேதி. வெளிய வேன் நிக்குது, அம்மாவை ஏத்தீரலாம்."

சென்னிமலை அட்டையின் பின்புறத்தைத் திருப்பினார். அங்கே பதினாறு நிபந்தனைகள் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அவர் வாசிக்கவில்லை. மனைவியின் நாற்காலிமுன் சென்று தரையில் அமர்ந்து, அவள் மணிக்கட்டிலிருந்த பட்டையை அவிழ்த்தார்.

"அம்மிணி" என்றார், அந்நியப் பெண்ணை அழைக்கும் முறையில் அழைத்தார். "உங்கூட்டுக்காரரைப் பாத்துட்டு வந்தேனுங்க."

"என்னங்க சொன்னாரு?"

"நடக்கலாம்னு சொன்னாருங்க."

"நெசமாவா? கோவிச்சுக்க மாட்டாருங்களே?"

"மாட்டாருங்க. தப்பு அவருதுதான்னு சொன்னாரு."

அவள் சற்று யோசித்தாள். பிறகு அவர் தோளில் கையை ஊன்றி எழுந்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், நின்றாள், மறுகாலை இழுத்துச் சேர்த்தாள். வீடு இரண்டு கிலோமீட்டர் தூரம். அவ்வளவு தூரம் அவளால் இயலுமா என்பது அவருக்குத் தெரியாது. இயன்றாலும், போனவற்றில் எது திரும்பும் என்பதும் தெரியாது.

ஆனந்தகுமார் பதறிப்போய், அன்று முதன்முறையாக ஓடிவந்தார். "ஐயா, வாட்சைக் கழட்டப்படாதுங்க! கார்டு கேன்சலாயிரும். அப்பறம் டாக்டரைப் பாக்கவே முடியாது. வேன் நிக்குதுங்க, ஏத்துங்க."

சென்னிமலை பட்டையையும் அட்டையையும் காலி நாற்காலியின்மேல் வைத்தார்.

"வேன் வேண்டாமுங்க" என்றார். "நாங்க நடந்து போறோம்."